மகாமகக் காணொளிகள் சில கைப்பேசிகளில் மட்டும் ஓடவில்லை: எந்த ஃபார்மேட்டில் வெளியிடுவது?

குடந்தைக் குளக்கரை (கேள்வி)

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து, கும்பகோணம் மகாமகத்தைப் பற்றிய பழைய காணொளிகளை உறவினர் வீடுகளிலிருந்து திரட்டி, எங்களுக்கென்று வைத்திருக்கும் ஒரு சிறிய இணையதளத்தில் வெளியிட்டு வருகிறோம். 2028இல் அடுத்த மகாமகம் வருவதற்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எண்ணம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழா என்பதால் ஒவ்வொரு மகாமகமும் ஒவ்வொரு விதமான கருவியில் பதிவாகியிருக்கிறது. எங்கள் சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1992ஆம் ஆண்டு விழா வி.எச்.எஸ். கேசட்டில் எடுக்கப்பட்டு, பிற்பாடு ஒரு ஸ்டூடியோவில் டி.வி.டி.யாக மாற்றப்பட்டது, அதில் இருப்பவை வி.ஓ.பி. கோப்புகள். 2004ஆம் ஆண்டு விழா மினி டி.வி. (Mini DV) டேப்பில் எடுக்கப்பட்டு, ஏ.வி.ஐ. கோப்புகளாக ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக்குரியவை கையடக்க எச்.டி. கேமராவின் எம்.டி.எஸ். கோப்புகள். இவற்றோடு, சுவாமிமலையில் ஒரு பட்டறையில் சிலை வார்ப்பதை அண்மையில் ஐபோனில் எடுத்த எம்.ஓ.வி. கோப்புகளும் உள்ளன.

வி.ஓ.பி. கோப்பை உலாவி திறப்பதே இல்லை. ஏ.வி.ஐ. கோப்பைத் தொட்டால் ஓடாமல் தரவிறங்கத் தொடங்குகிறது. ஒரு மணி நேரப் பதிவு 13 ஜி.பி. அளவில் இருப்பதால் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. எம்.டி.எஸ். கோப்பை எம்.பி.4 ஆக மாற்றி வெளியிட்டால் படம் ஓடுகிறது, நாதஸ்வரமும் தவிலும் கேட்கவில்லை. தவிர, மக்கள் குளத்தில் முங்கி எழும் இடங்களில் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றன. ஐபோன் கோப்பு என் கைப்பேசியில் அழகாக ஓடுகிறது. வேறு சிலருடைய கருவிகளில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கிறது, இன்னும் சிலருக்குப் படம் சாம்பல் பூத்து வெளுத்துத் தெரிகிறது. சரியாக ஓடும் ஓரிரு எம்.பி.4 கோப்புகளும்கூட முழுவதும் இறங்கி முடித்த பிறகே தொடங்குகின்றன.

கோப்புப் பெயரின் இறுதியில் எம்.பி.4 என்று மாற்றிவிட்டாலே போதும் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா? எல்லாக் கருவிகளிலும் ஓடக்கூடிய ஒரே ஃபார்மேட் என்று ஏதேனும் உண்டா? மாற்றுவதால் தரம் எவ்வளவு குறையும்? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

அய்யம்பேட்டை எடிட்டர்

வணக்கம். கல்யாண வீடியோ தொகுப்பது என் தொழில் என்பதால், நீங்கள் சொன்ன நான்கு வகைக் கோப்புகளோடும் நாள்தோறும் மல்லுக்கட்டுகிறேன். பெயரின் வாலை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. எம்.பி.4, எம்.ஓ.வி., ஏ.வி.ஐ., எம்.கே.வி. என்பவை கன்டெய்னரின், அதாவது படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் பெட்டியின், பெயர்கள். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்வது கோடெக். ஒரு காணொளி ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் கோடெக்கைப் பொறுத்தே இருக்கிறது. எம்.பி.4 என்ற ஒரே பெயரைச் சூடிக்கொண்டு எச்.264, எச்.265, ஏ.வி.1 என எதுவும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஆகையால் எந்தக் கோப்பையும் மாற்றத் தொடங்கும் முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் கண்ணில் படும் கன்வெர்ட்டரில் எல்லாம் கோப்பைப் போட்டு எடுப்பவர்களால்தான் என் கடைக்குப் பாதி வேலை வருகிறது.

எல்லாக் கருவிகளிலும் ஓடுவதற்கு மிக நெருக்கமான ஒன்று உண்டு. எம்.பி.4 கன்டெய்னருக்குள் 8 பிட், 4:2:0 என்ற வழக்கமான நிற அமைப்பில் எச்.264 படமும், ஏ.ஏ.சி. ஒலியும் இருக்க வேண்டும். எச்.264 வெளியானது 2003இல். இன்று புழக்கத்தில் இருக்கும் ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளின் சிப்பிலும் அதை ஓட்டும் வசதி இருக்கிறது. 2013இல் வந்த எச்.265 அதே தரத்தைக் குறைந்த அளவில் தந்தாலும், காப்புரிமைக் கட்டணச் சிக்கல்களால் உலாவிகளில் அது எளிதில் இடம் பிடிக்கவில்லை. கணினியில் குரோம் உலாவி 2022இலிருந்து அதை ஓட்டுகிறது என்றாலும், கருவியின் சிப்பில் வசதி இருந்தால்தான் ஓட்டும். உங்கள் ஐபோன் கோப்புகள் சிலருக்கு ஒலி மட்டும் தருவதற்குக் காரணம் இதுதான்: ஐபோன் 2017 முதல் எச்.265இல் பதிவு செய்யக்கூடியது. ஒலி வழக்கமான ஏ.ஏ.சி. என்பதால் உலாவிக்கு அது புரிகிறது, படம் புரியவில்லை.

எம்.டி.எஸ். கோப்பின் கதை நேர் எதிரானது. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. முறையில் படம் எச்.264 ஆகவே இருக்கும். ஆனால் ஒலி பெரும்பாலும் டால்பியின் ஏ.சி.3. நீங்கள் பயன்படுத்திய மென்பொருள் உள்ளடக்கத்தைத் தொடாமல் கன்டெய்னரை மட்டும் மாற்றியிருக்கிறது. ஏ.சி.3 ஒலியைப் பெரும்பாலான உலாவிகள் ஓட்டாததால் நாதஸ்வரம் காணாமல் போய்விட்டது. ஒலியை மட்டும் ஏ.ஏ.சி.க்கு மாற்றினால் அந்தக் குறை தீரும். கோடுகள் தீராது.

அந்தக் கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் மூன்று மகாமகங்களுக்கும் பொதுவான சிக்கல் அதுதான். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு ஃபிரேம், அதாவது காணொளியின் ஒரு தனிப் படம், முழுவதும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டதல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டாகவும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்து இன்னொரு ஃபீல்டாகவும் பதிவாகின்றன. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 50 ஃபீல்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் அசைவு வழுவழுப்பாகத் தெரிந்தது. கணினியும் கைப்பேசியும் இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டுகின்றன. மண்டபத்தின் தூண் அசையாததால் அங்கே குறை தெரியாது. வாளியிலிருந்து தலையில் ஊற்றும் நீர் அந்த ஐம்பதில் ஒரு நொடிக்குள் இடம் மாறிவிடுவதால் அங்கே மட்டும் பிசிறு தெரிகிறது.

இதை நீக்குவதற்குப் பெயர் டிஇன்டர்லேஸ். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளின் ஃபில்டர்ஸ் பகுதியில் அந்தத் தேர்வு இருக்கிறது. சாதாரணத் தேர்வு நொடிக்கு 25 ஃபிரேம் தரும்; பாப் என்ற தேர்வு ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக விரித்து 50 ஃபிரேம் தரும். கோப்பு சற்றுப் பெரிதாகும் என்றாலும், நீரும் கூட்டமும் நிறைந்த மகாமகக் காட்சிகளுக்கு நான் 50ஐயே பரிந்துரைப்பேன். 25க்குக் குறைத்தால் பதிவான அசைவில் பாதியைத் தூக்கி எறிகிறோம்.

படத்தின் அகலத்தையும் கவனியுங்கள். டி.வி.டி., மினி டி.வி. இரண்டிலும் படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. பழைய 4:3 படமானால் 768க்கு 576 என்றும், அகலத்திரைப் படமானால் 1024க்கு 576 என்றும் சதுரப் புள்ளிகளாக விரித்து வெளியிடுங்கள். இல்லாவிட்டால் சில கருவிகளில் முகங்கள் ஒடுங்கித் தெரியும். வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து வந்த படத்தில் அடிப்பகுதியில் சில வரிகள் எப்போதும் கலங்கியிருக்கும், அவற்றை வெட்டிவிடலாம். வி.ஓ.பி. கோப்புகளைத் தனித்தனியாகத் தொட வேண்டாம். டி.வி.டி.யில் ஒரே நிகழ்ச்சி 1 ஜி.பி. துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும்; முழு ஃபோல்டரையும் ஹேண்ட்பிரேக்கிடம் கொடுத்தால் அதுவே ஒரே நிகழ்ச்சியாகப் படித்துக்கொள்ளும்.

தரத்தைப் பொறுத்தவரை, ஹேண்ட்பிரேக்கில் ஆர்.எஃப். என்ற எண்ணைப் பழைய படங்களுக்கு 18 முதல் 20 வரையிலும் எச்.டி. படங்களுக்கு 20 முதல் 22 வரையிலும் வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். இந்த அளவில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு மிகக் குறைவு.

மன்னை வாசகர்

இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு வகைக் கோப்புகளையும் அப்படியே யூடியூபில் ஏற்றிவிட்டு, அங்கிருந்து இணைப்பை எடுத்து உங்கள் தளத்தில் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. எந்தக் கருவிக்கு எந்தக் கோடெக் தேவை, பார்ப்பவரின் இணைய வேகம் எவ்வளவு என்பதையெல்லாம் அவர்களே கவனித்துக்கொள்வார்கள். கணக்கைக் கைப்பேசி எண் மூலம் உறுதிப்படுத்திக்கொண்டால் 15 நிமிட வரம்பும் நீங்கிவிடும். 12 மணி நேரம் அல்லது 256 ஜி.பி. வரை ஏற்றலாம். தளத்தின் சர்வருக்குச் செலவும் மிச்சம். நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலானோர் காணொளி என்றாலே அங்குதான் தேடுகிறார்கள்.

திருவாரூர் நிரலர்

மன்னை வாசகர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பெருங்கூட்டத்தைச் சென்றடைய அதுவே எளிய வழி. ஆனால் "அப்படியே ஏற்றிவிடலாம்" என்பதை ஏற்க இயலவில்லை. பதிவேற்றும் முன் டிஇன்டர்லேஸ் செய்துவிடும்படி யூடியூபே தன் வழிகாட்டுதலில் கேட்டுக்கொள்கிறது. மேலும், அங்கே நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேம் ஓடுவது 720 வரிகளோ அதற்கு மேலோ உள்ள படங்களுக்கு மட்டும்தான். 576 வரிகள் கொண்ட பழைய படத்தை 50 ஃபிரேமில் ஏற்றினால், எடிட்டர் நண்பர் காப்பாற்றச் சொன்ன அந்த வழுவழுப்பான அசைவு பாதியாகக் குறைக்கப்படும். ஆகையால் 4:3 படங்களை 960க்கு 720 என்றோ 1440க்கு 1080 என்றோ பெரிதாக்கி ஏற்றுவது நல்லது. பெரிதாக்குவதால் புதிதாக நுணுக்கம் எதுவும் வந்துவிடாது, ஆனால் இருப்பது கெடாமல் இருக்கும். அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்கப்போகிறார்கள் என்பதால், ஏற்றும் கோப்பில் பிட்ரேட்டை (நொடிக்குச் செலவாகும் தரவின் அளவை) தாராளமாக வையுங்கள். 1080 வரிகளுக்கு நொடிக்கு 8 மெகாபிட், ஃபிரேம் 50 ஆனால் 12 மெகாபிட் என்பது அவர்கள் தரும் அளவு.

இன்னொன்றும் உண்டு. விழாக் காட்சிகளின் பின்னணியில் ஒலிபெருக்கியில் ஏதேனும் பக்திப் பாடலோ திரைப்பாடலோ ஓடிக்கொண்டே இருக்கும். யூடியூபின் தானியங்கிச் சோதனை அதைக் கண்டுபிடித்துப் பதிப்புரிமைக் கோரிக்கை எழுப்புவது வழக்கமான நிகழ்வு. உங்களிடம் சொந்தத் தளத்தில் ஒரு பிரதி இருப்பது பாதுகாப்பு. கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம்.

சொந்தத் தளத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுவதும் இறங்கிய பிறகே ஓடுவதற்குக் காரணம், எம்.பி.4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கோப்பின் கடைசியில் எழுதப்பட்டிருப்பதுதான். பதிவு முடியும்போதுதான் அட்டவணையும் முழுமையடைகிறது என்பதால் மென்பொருள்கள் இயல்பாக அதைக் கடைசியில் வைக்கின்றன. ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணை முன்னால் வந்துவிடும். ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கும் கோப்புகளை மறுபடி சுருக்க வேண்டியதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் மூலம் உள்ளடக்கத்தைத் தொடாமலேயே அட்டவணையை மட்டும் இடம் மாற்றலாம். சில நொடிகளில் முடியும் வேலை, தரமும் அணுவளவும் குறையாது.

சர்வர் பக்கத்திலும் இரண்டு செய்திகள் உள்ளன. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும் வசதி சர்வரில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஐபோனின் சஃபாரி ஓட்டவே மறுக்கும், மற்ற உலாவிகளில் நடுவிலிருந்து பார்க்க முடியாது. அடுத்தது, கோப்புப் பெயர். கேமரா பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்பைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டால், விண்டோஸ் கணினியில் ஓடும். லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்டு, இடைவெளி இல்லாமல் பெயரிடுங்கள். தமிழ்த் தலைப்பைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுங்கள். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 10 நிமிடக் காணொளி 600 எம்.பி.; நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரவு வைத்திருக்கும் ஒருவரிடம் அதைப் பார்க்கச் சொல்வது நியாயமில்லை. 720 வரிகளில் 2.5 மெகாபிட்டுக்குக் கொண்டுவந்தால் அதே 10 நிமிடம் 190 எம்.பி.க்குள் அடங்கும். இன்னும் குறைக்க விரும்பினால் 2018இல் வந்த ஏ.வி.1 கோடெக்கில் ஒரு பிரதியும் எச்.264இல் ஒரு பிரதியும் வைத்து, இரண்டையும் பக்கத்தில் வரிசையாகக் குறிப்பிடலாம். உலாவி மேலிருந்து பார்த்துத் தன்னால் ஓட்ட முடிந்த முதல் கோப்பை எடுத்துக்கொள்ளும். ஏ.வி.1 மட்டும் வைப்பது கூடாது. ஐபோன்களில் 2023இல் வந்த 15 ப்ரோ முதற்கொண்டே அதற்கான சிப் வசதி இருக்கிறது. ஒரு சிறு குழு இரண்டு பிரதிகளைப் பராமரிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

நாகை நூலகர்

தொழில்நுட்பம் அறிந்தவர்கள் வெளியீட்டுப் பிரதியைப் பற்றி விளக்கிவிட்டார்கள். மூலக் கோப்புகளைப் பற்றி நான் சிறிது சொல்ல விரும்புகிறேன். எம்.பி.4 தயாரானதும் 13 ஜி.பி. ஏ.வி.ஐ. கோப்பை அழித்து இடத்தை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம் வரும். தயவுசெய்து செய்ய வேண்டாம். மினி டி.வி. முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு நொடிக்கு 25 மெகாபிட் அளவில் பதிவாகியிருக்கிறது. டேப்பில் இருந்ததன் அப்பட்டமான நகல் அது. நாளைக்கு இன்னும் நல்ல டிஇன்டர்லேஸ் முறை வந்தால், மூலக் கோப்பிலிருந்துதான் புதிய பிரதி எடுக்க முடியும். டி.வி.டி.யையும் அவ்வாறே ஃபோல்டர் முழுமையாக நகலெடுத்து வையுங்கள், தட்டு நீண்ட காலம் தாங்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைப்பது நல்லது; காவிரியும் அரசலாறும் பெருகும் ஆண்டுகளில் தரைத்தளத்து அலமாரி பாதுகாப்பான இடமல்ல.

இனி வரும் கோப்புகளை வாட்சாப்பில் வாங்குவதையும் நிறுத்துங்கள். காணொளியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் 2 ஜி.பி. வரை மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும். 2016 விழாவின் எம்.டி.எஸ். கோப்புகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெமரி கார்டில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை வைக்க முடியாத அமைப்பு அந்நாளில் வழக்கத்தில் இருந்ததால், ஒரே நீளமான பதிவைக் கேமரா துண்டுகளாக்கியிருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றிப் பின் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடும். துண்டுகளை மூல நிலையிலேயே வரிசையாக ஒன்றுசேர்த்து, அதன் பிறகு மாற்றுங்கள், எம்.டி.எஸ். முறை அதற்கு இடம் கொடுக்கும். மெமரி கார்டு இன்னும் கைவசம் இருந்தால் அதன் ஃபோல்டர் அமைப்பு முழுவதையும் நகலெடுங்கள், வரிசையைக் காட்டும் குறிப்புகள் அதில் இருக்கின்றன.

எந்த மண்டபம், எந்தக் கோயிலின் தீர்த்தவாரி என்றெல்லாம் தமிழில் வசனவரி சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதைப் படத்தின் மீது எரித்துவிடாமல் தனிக் கோப்பாக வைப்பது மேல். பிழை கண்டால் காணொளியைத் தொடாமல் திருத்தலாம், தேடவும் முடியும். உலாவிகள் கேட்பது வெப்வி.டி.டி. என்ற வடிவம். எஸ்.ஆர்.டி. என்ற வேறு வகை வசனவரிக் கோப்பு இருந்தால், WEBVTT என்ற தலைவரியைச் சேர்த்து, நேரக் குறிப்புகளில் காற்புள்ளியைப் புள்ளியாக்கினால் பெரும்பாலும் போதும். கோப்பை யு.டி.எஃப்.8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்க மறக்காதீர்கள். ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இருக்கிறது; அந்த உரையை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். படத்தின் மீதே தலைப்பு பொறிக்க நேர்ந்தால், "கோயில்" என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஏற்றதல்ல.

குடந்தைக் குளக்கரை

அனைவருக்கும் நன்றி. மீடியாஇன்ஃபோவில் எல்லாக் கோப்புகளையும் பார்த்தோம். எம்.டி.எஸ். கோப்பில் ஏ.சி.3 ஒலி என்றே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் பாப் தேர்வோடு மாற்றிய பின் கோடுகள் மறைந்துவிட்டன, ஒலியும் எல்லாக் கைப்பேசிகளிலும் கேட்கிறது. டி.வி.டி.யும் நன்றாக வந்திருக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை, பகுதி பகுதியாக அனுப்பும் வசதி ஏற்கெனவே இருந்தது. அட்டவணையை முன்னால் கொண்டுவந்ததும் காணொளி உடனே தொடங்குகிறது.

இரண்டு சிக்கல்கள் எஞ்சியுள்ளன. 2004 விழாவின் ஏ.வி.ஐ. கோப்பை ஒரு தொகுப்பு மென்பொருளில் வெட்டி ஒட்டி, அதிலிருந்து எம்.பி.4 எடுத்தோம். கோடுகள் இல்லை, ஆனால் கூட்டம் நகரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னும் அரை அடி பின்னுமாக நடுங்குகிறார்கள். அடுத்தது சுவாமிமலைக் காணொளி. எச்.264க்கு மாற்றிய பின் எல்லாக் கருவிகளிலும் ஓடுகிறது. ஆனால் உருக்கிய உலோகத்தை வண்டல்மண் கருவுக்குள் (அச்சுக்குள்) ஊற்றும் இடத்தில் ஐபோனில் தெரியும் அந்தச் செந்நிற ஒளி இல்லை. கஞ்சி ஊற்றுவது போல வெளிறித் தெரிகிறது. மீடியாஇன்ஃபோவில் 10 பிட், பி.டி.2020, எச்.எல்.ஜி. என்று காட்டுகிறது.

அய்யம்பேட்டை எடிட்டர்

நடுக்கத்துக்குக் காரணம் ஃபீல்டுகளின் வரிசை. மினி டி.வி. முறையில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். 2016 கேமராவின் எச்.டி. பதிவில் மேல் ஃபீல்டு முதலில் வரும், டி.வி.டி.களும் பெரும்பாலும் அப்படியே. உங்கள் தொகுப்பு மென்பொருளின் ப்ராஜெக்ட் எச்.டி. அமைப்பில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அது மேல் ஃபீல்டே முந்தியது என்று எடுத்துக்கொண்டு, பின்னால் நடந்ததை முன்னாலும் முன்னால் நடந்ததைப் பின்னாலும் காட்டுகிறது. மென்பொருளில் அந்தக் கிளிப்பின் பண்புகளைத் திறந்து, லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட் என்று மாற்றுங்கள். ப்ராஜெக்டையும் பால் டி.வி. (PAL DV) அமைப்பில் புதிதாகத் தொடங்குங்கள். வெட்டும் வேலை எதுவும் இல்லாத பகுதிகளை ஏ.வி.ஐ.யிலிருந்து நேராக ஹேண்ட்பிரேக்கிடம் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு. வந்த எம்.பி.4ஐ மறுபடி திருத்த முயல வேண்டாம், அதில் வரிசை கலைந்த நிலையிலேயே ஃபிரேம்கள் உறைந்துவிட்டன. அந்த ஏ.வி.ஐ.யின் ஒலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலக் கைக்கேமராக்கள் பலவற்றில் ஒலி 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் என்றே அமைந்திருக்கும். வெளியீட்டுப் பிரதியில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

சுவாமிமலைக் கோப்பு எச்.டி.ஆர். பதிவு. ஐபோன் 12 முதல் இது வழக்கத்துக்கு வந்தது. சாதாரணத் திரையால் காட்ட முடியாத அளவு பிரகாசத்தையும் விரிந்த நிறப் பரப்பையும் 10 பிட்டில் அது குறித்து வைக்கிறது. நீங்கள் மாற்றியபோது எண்கள் மட்டும் 8 பிட்டுக்கு வந்தன. அந்த எண்களைச் சாதாரணத் திரையின் அளவுக்கு மறுபடி பொருத்தும் வேலை நடக்கவில்லை. அதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் கலர்ஸ்பேஸ் என்ற இடத்தில் சாதாரணத் திரைகளுக்குரிய பி.டி.709ஐத் தேர்ந்தெடுத்து மாற்றிப் பாருங்கள். மூசையிலிருந்து உலோகம் வழியும் நொடியும், பட்டறையின் இருண்ட மூலையும் ஒரே காட்சியில் இருப்பதால், தானாக நடக்கும் மாற்றம் முழு மனநிறைவு தராமல் போகலாம். அப்போது தொகுப்பு மென்பொருளில் அந்த ஒரு காட்சிக்கு மட்டும் பிரகாசத்தைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். யூடியூபுக்கு மூல எச்.டி.ஆர். கோப்பையே ஏற்றலாம், எச்.டி.ஆர். திரை இல்லாதவர்களுக்கான பிரதியை அவர்களே தயாரித்துக்கொள்கிறார்கள்.

இனி எடுக்கப்போகும் பதிவுகளுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், ஐபோனின் அமைப்புகளில் கேமரா பகுதிக்குச் சென்று, ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்து, ரெக்கார்டு வீடியோ என்ற இடத்தில் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எடுப்பவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். வெளிச்சம் குறைந்தால் கைப்பேசி தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். இரவுத் தெப்பத்தை எடுத்து அப்படியே தொகுத்தால் போகப்போகத் தவில் அடி ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாக விலகும். தொகுக்கும் முன் ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்ற தேர்வோடு ஒருமுறை மாற்றிக்கொண்டால் விலகாது.